யானை இக்கரையில், தும்பிக்கை அக்கரையில்

பாகனுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊர் சொல்லும். அது சரியில்லை. அவன் கோபம் அடிவயிற்றில் குடியிருந்தது. மேலே ஏறி வர அதற்கு நேரம் பிடிக்கும். ஏறி வந்துவிட்டால் இறங்குவதற்கு அதைவிட நேரம் பிடிக்கும். கூட்டுச் சேவை அலுவலகம் என்று ஒன்று வந்த பிறகு அது இறங்கவே இல்லை.

பாகன் என்றால் நிஜ யானையை மேய்க்கிறவன் இல்லை. நகராட்சியில் சாக்கடை உறிஞ்சும் லாரியை ஓட்டுகிறவன். முதுகில் பெரிய தொட்டியும், விலாவில் சுருட்டி மாட்டிய தடித்த குழாயுமாக அந்த லாரி முதல் தடவை தெருவுக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் அதை யானை என்றார்கள். குழாய் தும்பிக்கை ஆயிற்று. ஓட்டுகிறவன் பாகன் ஆனான். அப்பன் வைத்த பெயர் அதன்பிறகு சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. அவன் மாமியார் ஒருத்திதான் கடைசிவரை, "எங்க மருமகன் டிரைவர்" என்று நீட்டி முழக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

யானை ஊருக்கு வந்ததே ஒரு சாவை வைத்துத்தான். அதற்கு முன்னால் அடைப்பு என்றால் ஆள்தான் இறங்கவேண்டும். இடுப்பில் கயிறு கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலை முழுக உள்ளே போகவேண்டும். பாகனும் அவன் அண்ணனும் ஒரே கும்பலில் வேலை பார்த்தார்கள். சந்தைக்குப் பின்னால் இருந்த குழியில் அண்ணன் இறங்கினான். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பாகன். கயிறு இரண்டு தடவை ஆடியது, பிறகு ஆடவில்லை. இழுத்துப் போட்டபோது அண்ணனின் கண் திறந்தபடியே இருந்தது. அண்ணியும் இரண்டு பெண்பிள்ளைகளும் அன்றிலிருந்து பாகனின் பொறுப்பு. பெரியவளை உரக்கடைக்காரர் மகனுக்குக் கொடுத்தான், சின்னவளை அவள் தாய்மாமன் வழியில் கொடுத்தான். இரண்டும் அவன் செய்த கல்யாணம்.

ஊர் கூடிக் கூச்சல் போட்டதில் நகராட்சி லாரி வாங்கியது. ரிப்பன் வெட்ட அண்ணியையே கூப்பிட்டார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும் அல்லவா. அண்ணி போனாள், வெட்டினாள், கத்தரிக்கோலைத் திருப்பித் தராமல் முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு அப்புறம் இந்த ஊரில் ஒரு மனிதனும் குழிக்குள் இறங்கவில்லை. பாகன் இறங்க விடவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஊர். அதற்குத் தனி நகராட்சி, தனித் தலைவர், தனி லாரி. நடுவில் ஒரு பாலம். இரண்டு ஊரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள்தான். ஆனால் நகராட்சிக்கும் நகராட்சிக்கும் ஆகாது. அப்படிப்பட்டவர்களை மேலிடம் ஒரே பாயில் உட்காரவைத்தது. செலவைக் குறைக்க வேண்டும், ஆளுக்கொன்று எதற்கு, இரண்டு ஊருக்கும் ஒன்று போதும் என்றது. முதலில் வரி வாங்கும் ஜன்னலைச் சேர்த்தார்கள். அடுத்துத் தெருவிளக்கு. அடுத்து நாய் பிடிக்கிற வண்டி. கடைசியில் யானையிடம் வந்தார்கள்.

அக்கரை லாரி பழசு. அதை ஏலத்தில் தள்ளினார்கள். மிஞ்சியது இக்கரை லாரி. இனி அதை எங்கே நிறுத்துவது என்பதில் வந்தது சண்டை. உங்கள் கொட்டகையில் நின்றால் உங்கள் அடைப்பைத்தான் எடுப்பீர்கள் என்றார் அக்கரைத் தலைவர். எங்கள் லாரியை உங்கள் கொட்டகையில் விட நாங்கள் என்ன கிறுக்கா என்றார் இக்கரைத் தலைவர். பிரிவினைச் சண்டையில் அண்ணன் தம்பி உரலை ஒரு வீட்டிலும் உலக்கையை ஒரு வீட்டிலும் வைத்துக்கொள்வது போல ஒரு முடிவுக்கு வந்தார்கள். லாரி இக்கரைக் கொட்டகையில். குழாய் அக்கரைக் கிடங்கில், பூட்டுப் போட்டு. ஒருத்தரைக் கேட்காமல் ஒருத்தர் பயன்படுத்த முடியாது, பாருங்கள், எவ்வளவு நியாயம். கை தட்டினார்கள்.

கூட்டத்தில் பின்வரிசையில் நின்ற பாகன் கையைத் தூக்கினான்.

"சார், யானை அவசரத்துக்குத் தண்ணி குடிக்கணும்னா தும்பிக்கைக்கு மனு போடணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவைக்கத்தான் சொன்னான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கூட்டு அலுவலகத்துக்கு ஓர் அதிகாரி வந்தார். சட்டைக் கை மடிப்புக் கலையாத மனிதர். வாயைத் திறந்தால் சிக்கனம் என்பார். ஆட்கள் அவருக்குச் சிக்கனம் என்றே பேர் வைத்துவிட்டார்கள். இரண்டு ஊர் சாக்கடைக் கும்பலையும் ஒன்றாக்கப் போகிறோம், பாதிப் பேர் போதும், ஒத்துழைக்கிறவர்களுக்கு முன்னுரிமை என்று வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார். பாதிப் பேர் என்ற சொல்லைக் கேட்டு அதிகம் பயந்தவன் பாகனின் மைத்துனன்.

அவன் பாகன் பெண்டாட்டிக்குக் கடைசித் தம்பி. மூன்று அக்காள்களுக்கு அப்புறம் பிறந்தவன். தாய்க்கு உடம்பு முடியாமல் போனதால் இவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். இவள் புருஷனை நச்சரித்துத்தான் அவனைக் கும்பலில் சேர்த்துவிட்டாள். இப்போது அவனுக்கும் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. ஆள் குறைப்பு என்ற பேச்சு வந்ததிலிருந்து அவன் சிக்கனத்தாரைப் பார்த்தால் தானாகவே குனிந்தான்.

மழை ஓய்ந்த ஒரு காலை. பிரசவ ஆஸ்பத்திரித் தெருவில் பெரிய சாக்கடை அடைத்துக்கொண்டது. போன தண்ணீர் எல்லாம் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கறுப்பாகத் தேங்கி, படியேறி, வார்டுக்குள் போய்விட்டது. பாகனுக்குத் தகவல் வந்ததும் யானையை எடுத்துக்கொண்டு ஓடினான், தும்பிக்கை அதற்குள் வந்திருக்கும் என்ற நம்பிக்கையில்.

வந்திருக்கவில்லை. குழியின் மூடியைப் பெயர்த்து ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் தெருமுனைக்கே வந்தது. சிக்கனத்தார் மூக்கில் கைக்குட்டையோடு ஒரு கடைப் படியில் ஏறி நின்றிருந்தார்.

"ஓஸ் குழாய் எங்க சார்?"

"அதான்பா சிக்கல். அக்கரைக் கிளார்க் பயிற்சிக்குப் போயிருக்கார். கிடங்குச் சாவி அவர்கிட்ட இருக்கு."

"என்ன பயிற்சி?"

"ஒருங்கிணைந்து செயல்படுறது எப்படின்னு."

கும்பலில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாகன் சிரிக்கவில்லை. அவன் கண் வேறு எங்கோ போயிருந்தது. குழிக்குப் பக்கத்தில் மைத்துனன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரு ஆள் இறங்கிக் குத்தி விட்டா போதும், சின்ன வேலை" என்றார் சிக்கனத்தார். "உங்க மச்சினனே முன்வந்திருக்கார். நாங்க யாரையும் கட்டாயப்படுத்தல."

பாகனுக்கு அடிவயிற்றிலிருந்து ஏற ஆரம்பித்தது. கயிற்றைப் பார்த்தான். அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் கையைப் பார்த்தான்.

"சட்டையப் போடு மாப்ள."

"மாமா, நீங்க இதுல வராதீங்க."

"சட்டையப் போடுன்னேன்."

"போட்டுக்கிட்டு? வீட்டுக்குப் போய் உக்காரவா? உங்களுக்கென்ன, ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு மேல உக்காந்திருக்கீங்க. யானைக்கு ஒரு பாகன் எப்பவும் வேணும். எங்கள மாதிரி ஆளுங்கள்ல பாதிப் பேர் வேணாமாம்."

"இறங்கினேன்னு வை, கால ஒடிச்சிடுவேன்."

"ஒடிங்க. ஒடிஞ்ச காலுக்கு யாரு சோறு போடுவா, நீங்களா?"

"இப்ப மட்டும் யாருடா போடுறது? உங்கக்கா வாரத்துல பாதி நாள் உனக்குத்தான தூக்குல கட்டிக் குடுத்து விடுறா."

கயிற்றைப் பிடித்திருந்தவன் சிரித்துவிட்டான். மைத்துனனின் காது சிவந்தது. அவன் குழி விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை உள்ளே விட்டான்.

பாகன் அவனை அக்குளில் கைகொடுத்து மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கிப் பக்கத்தில் போட்டான். கயிற்றைப் பிடித்தவனிடம், "மூடிய இழுத்துப் போடு" என்றான். அவன் சிக்கனத்தாரைப் பார்த்தான். "அவர என்னடா பாக்குற. அவரா உள்ள போகப் போறாரு? போடு." அந்தக் குரலை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. கடப்பாரையை விட்டு நெம்பி மூடியைத் தள்ளினான். இரும்பு இரும்பில் உட்கார்ந்தது.

பாகன் லாரியில் ஏறினான். பின்னுக்கு எடுத்தான். பின்சக்கரம் மூடியின் நட்டநடுவில் ஏறி நின்றது. வண்டியை அணைத்துச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

"என்ன பண்றே நீ? லாரியை எடு" என்றார் சிக்கனத்தார். கைக்குட்டையை இறக்கிவிட்டதே அவருக்குத் தெரியவில்லை.

"எடுக்குறேன் சார். தும்பிக்கையோட வந்து எடுக்குறேன்."

"இது அரசாங்க வண்டிப்பா."

"ஆமா சார். அரசாங்கக் குழி மேலதான் நிக்குது."

அதற்குள் ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து ஒருத்தன் ஓடி வந்தான். முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர். கையில் செருப்பு. வந்த வேகத்தில் பாகனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"என் பொண்டாட்டி நேத்துதான்யா பெத்தா. கட்டில் மேல கால மடக்கி உக்காந்திருக்கா. புள்ளைய மடியவிட்டுக் கீழ வைக்க இடமில்ல. நீ குழிய மூடி வண்டிய ஏத்தி நிறுத்திட்டு எங்கய்யா போற?"

பாகன் அவன் கையை உதறவில்லை. அவன் கேட்டதில் என்ன தப்பு. இந்தத் தெருவில் கோபப்பட உரிமை உள்ளவன் அவன்தான். அந்தக் கோபம் மட்டும் முகவரி மாறி வந்திருந்தது.

"தம்பி, உங்கிட்ட வண்டி இருக்கா?"

"எதுக்கு?"

"குழாய் அக்கரையில பூட்டிக் கிடக்கு. அது வந்தா உன் வார்டு காயும். வராட்டி இந்த எம் மச்சினன உள்ள தள்ளுவாங்க. இவன் மேல வர்றது சந்தேகம். உன் புள்ள பொறந்த மறுநாள் அந்த வாசல்ல ஒரு பொணத்தப் போட உனக்குச் சம்மதமா?"

பிடி தளர்ந்தது. அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு தன் பைக்கைக் கிளப்பினான். "ஏறுங்க" என்றான்.

போகிற வழியெல்லாம் அந்தப் புதுத் தகப்பன் இரண்டு நகராட்சியையும் பச்சைப் பச்சையாகத் திட்டிக்கொண்டே ஓட்டினான். பாகன் பின்னால் உட்கார்ந்து, அவனுக்குத் தெரியாத பேர்களை எடுத்துக் கொடுத்தான்.

அக்கரைக் கிடங்கின் காவலாளி வேறு யாருமில்லை, பாகனின் அம்மாவுக்குத் தங்கை புருஷன், சித்தப்பா. அண்ணன் மகள் கல்யாணத்திலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. நாற்காலியில் சாய்ந்தபடி வருகிறவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு, பாகனா? கல்யாணத்துக்குக் கூப்பிடத் தெரியாது, கிடங்குக்கு வழி மட்டும் தெரியும்."

"கூப்பிட்டேன் சித்தப்பா. பத்திரிகையில உங்க பேரு கீழ வந்துருச்சுன்னு நீங்கதான் வரல."

"கீழதான போட்டிருந்த?"

"சித்தப்பா, அத அப்புறம் பேசிக்கலாம். எம் மாப்ளைய குழியில இறக்கப் பாக்குறாங்க."

கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணனைத் தூக்கிப்போன அன்று முன்பக்கத் தோள் கொடுத்தவர் அவர்.

"சாவி இல்லடா. அந்தக் கிளார்க் டிராயருல வச்சுப் பூட்டி, டிராயர் சாவியையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டான். எங்கிட்ட இருக்கறது காவல் மட்டும்தான்."

பூட்டை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நான் டீ குடிக்கப் போறேன். எனக்கு நல்லா ஆறினாத்தான் தொண்டையில இறங்கும், வர நேரமாகும். ஜன்னல் மேல ஒரு ரம்பம் இருக்கு, அது என் சொந்த ரம்பம். பல்லு போச்சுன்னா புதுசு வாங்கி வச்சுடணும், சொல்லிட்டேன்."

பூட்டுக் கொண்டியைப் பாகன் பாதி அறுத்தான். புதுத் தகப்பன் ரம்பத்தைப் பிடுங்கி மீதியை அறுத்தான். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு சரக்கு ஆட்டோவை மறித்துக் குழாய்களை ஏற்றினார்கள். பாலத்தில் ஆட்டோ திணறித் திணறிப் போக, முன்னால் புதுத் தகப்பன் பைக்கில் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரித் தெருவில் யானை நின்ற இடத்தில் நின்றது. மைத்துனன் சட்டையைப் போட்டுக்கொண்டு அதன் படியில் உட்கார்ந்திருந்தான். மாமனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாகன் யானையை முன்னுக்கு நகர்த்தினான், மூடியை மறுபடி பெயர்த்தார்கள். குழாயை மாட்டும்போது மட்டும் மைத்துனன் வந்து மறுமுனையைத் தூக்கினான். எஞ்சின் உறுமியது. தடித்த குழாய் துள்ளித் துள்ளி இழுத்தது. கொஞ்ச நேரத்தில் அடியில் என்னவோ பிய்த்துக்கொண்டு வந்தது. வாசலில் தேங்கியது சுழித்து இறங்கியது. ஆஸ்பத்திரிப் படிகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன.

சிக்கனத்தார் அதைப் போட்டோ எடுத்தார். மறுநாள் பேப்பரில் அது வந்தது: கூட்டுச் சேவையின் விரைவான நடவடிக்கை.

அந்தப் பேப்பரைப் பாகன் படிக்கும்போதே சஸ்பெண்ட் உத்தரவும் வந்து சேர்ந்தது. பூட்டை உடைத்தது, அரசு வண்டியை வழியில் விட்டுப் போனது, அதிகாரியை மதிக்காதது, சக ஊழியரை மிரட்டியது. தெருவிளக்கு எந்தப் பக்கம் எரிய வேண்டும் என்பதில்கூட ஒத்துப்போகாத இரண்டு நகராட்சியும் இதில் ஒரே கூட்டத்தில், ஒரே குரலில் ஒத்துப்போயின. கூட்டுச் சேவை தடங்கல் இல்லாமல் நடந்தது அந்த ஒரு தடவைதான்.

விசாரணையில் சித்தப்பாவைக் கேட்டார்கள். "பூட்டு பழசு சார், துருப்பிடிச்சு தானா விழுந்துருச்சு" என்றார். ரம்பம் அறுத்த தடம் இருக்கிறதே என்றார்கள். "துருன்னா அப்படித்தான் சார் அறுக்கும்" என்றார்.

அடுத்து மைத்துனனைக் கூப்பிட்டார்கள். சிக்கனத்தார் முந்தின நாளே அவனைத் தனியாக உட்காரவைத்துப் பேசியிருந்தார். அவன் எழுந்து நின்றான். மாமா மிரட்டினாரா? "ஆமா." என்ன சொல்லி? "இறங்கினா கால ஒடிச்சிடுவேன்னு." தூக்கி எறிந்தாரா? "ஆமா." நீ இறங்கச் சம்மதித்துதானே நின்றாய்? கொஞ்சம் தயங்கினான். "ஆமா" என்றான். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். பாகனுக்கு வேலை போயிற்று. மைத்துனன் கும்பலில் தங்கினான்.

அன்று சாயங்காலம் அவன் அக்காள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் பொய் சொல்லலக்கா" என்றான்.

"யாருடா பொய்னு சொன்னா" என்றாள் அவள். சோற்றைத் தட்டில் போட்டு, அவன் முன்னால் தரையில் டங்கென்று வைத்தாள். "எம் புருஷன் வேலையத் தின்னுட்டு வந்து நிக்கிற. உன்ன நாலு சாத்து சாத்தணும்னு கை அரிக்குது. அரிக்கட்டும். உன்னைக் கயித்துல கட்டி இழுத்து இங்க கிடத்தியிருந்தா நான் யாரப் போய்ச் சாத்துறது? உக்காந்து தின்னு."

அவன் உட்கார்ந்தான். சாப்பிட்டான். அழுதுகொண்டே சாப்பிட்டான் என்று சொல்ல ஆசைதான், அழவில்லை. பசியாக இருந்திருக்கும்போல, மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டான். பாகன் உள்ளறையில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வரவில்லை. தம்பி போனதும் அவள் உள்ளே வந்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்."

"பேசினா மறுபடியும் கால ஒடிக்கிறேன்னுதான் சொல்லுவேன். அதையும் போய் எழுதிக் குடுப்பான்."

அதன்பிறகு பாகன் ஒரு தனியாரிடம் தண்ணீர் லாரி ஓட்டினான். புது டிரைவர் யானையை ஓட்டினான். தும்பிக்கை அக்கரையிலேயே இருந்தது, முன்னைவிடப் பெரிய பூட்டோடு. கூட்டு அலுவலக வாசலில் இந்த வருஷம் எவ்வளவு மிச்சம் பிடித்தோம் என்று பலகை வைத்தார்கள். பாகன் அந்தத் தெரு வழியாகத் தண்ணீர் லாரியைக் கொண்டு போகும்போதெல்லாம் காரணமில்லாமல் ஹாரனை அடித்துக்கொண்டு போனான்.

அடுத்த மழையில் சந்தைக்குப் பின்னால் அடைத்துக்கொண்டது. பாகன் முதலாளியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான். மூடி திறந்திருந்தது. கும்பல் சுற்றி நின்றது. சிக்கனத்தார் அவர்களிடம் என்னவோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். பாகன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, குழிக்கு ஓர் அடி தள்ளிப் போய் நின்றான். கையைக் கட்டிக்கொண்டான்.

சிக்கனத்தார் திரும்பினார். "உனக்கு இங்க என்ன வேலை? நீ இப்ப யாரு?"

"பொதுஜனம் சார். வேடிக்கை பாக்க வந்தேன்."

"இங்க நிக்கக் கூடாது."

"தெரு சார் இது. வரி கட்டுறேன். ரெண்டு ஊருக்கும் சேத்து ஒரே ஜன்னல்ல கட்டுறேன்."

கும்பலில் யாரும் சிரிக்கவில்லை. மைத்துனன் மாமனை நிமிர்ந்து பார்க்கவில்லை. இருவருக்கும் பேச்சுவார்த்தை இன்னும் இல்லை. ஆனால் கையில் வைத்திருந்த கயிற்றுச் சுருணையை மைத்துனன் சேற்றில் போட்டான். போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான்.

"ஓஸ் வரட்டும் சார்" என்றான், தரையைப் பார்த்தபடி.

சிக்கனத்தார் போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அக்கரைக் கிளார்க்கின் பேரைச் சொல்லி யாரிடமோ கத்துவது கேட்டது. மழை மறுபடி தூற ஆரம்பித்தது. பாகன் நகரவில்லை. பாலத்தில் ஆட்டோ வருகிற சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.